பிள்ளைக்கு ஊசி போட்டால் பின்னாளில் ஏதும் வருமா? வன்னியில் தாய்மார் கேட்கிற கேள்விகள்

நான் வைத்தியர் இல்லை. கிளிநொச்சிப் பக்கம் ஒரு முன்பள்ளியில் படிப்பிக்கிறேன், இரண்டு பிள்ளைகளின் தாய். பள்ளி விடுகிற நேரம் படலையடியில் நின்று தாய்மார் கேட்பவை, இரவு பத்து மணிக்கு வைபரில் வருபவை, என் மாமியார் கேட்டவை என்று ஒரு கொப்பி நிறையக் கேள்விகள் சேர்ந்துவிட்டன. வாசித்தும், குடும்பநல உத்தியோகத்தரிடம் (நாங்கள் மிட்வைஃப் மிஸ் என்போம்) நச்சரித்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். கேள்வி கேட்டதற்காக யாரையும் முட்டாள் என்று நினைக்கவில்லை. எனக்கே ஒரு கிளினிக்கில் கேள்வி கேட்டதற்கு ஏச்சு விழுந்தது, அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது.

கனடாவில் இருக்கிற மச்சாள் ஒரு வீடியோ அனுப்பினா. ஊசியால் ஓட்டிசம் வருகிறது என்று அதில் ஒரு டொக்டரே சொல்கிறாரே?

இந்தக் கதைக்கு ஒரு ஊற்று இருக்கிறது. 1998-இல் அன்ட்ரூ வேக்ஃபீல்ட் என்ற பிரித்தானிய வைத்தியரும் வேறு சிலரும் லான்செட் என்ற மருத்துவ இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். சின்னமுத்து (மீசில்ஸ்), கூகைக்கட்டு, ருபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடுகிற எம்.எம்.ஆர். ஊசிக்கும் ஓட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற சந்தேகத்தை அது கிளப்பியது. எத்தனை பிள்ளைகளைப் பார்த்து எழுதினார்கள் தெரியுமா? 12. எங்கள் முன்பள்ளியின் ஒரு வகுப்பில் கூட அதைவிடக் கூடப் பிள்ளைகள் இருக்கிறார்கள். பிறகு பிரையன் டியர் என்ற பத்திரிகையாளர் தோண்டத் தோண்ட ஒவ்வொன்றாக வெளியே வந்தது. ஊசிக் கொம்பனிகள் மேல் வழக்குப் போடத் தயாரான சட்டத்தரணிகளிடம் வேக்ஃபீல்ட் பணம் வாங்கியிருந்தார், பிள்ளைகளைப் பற்றிய குறிப்புகளும் கட்டுரையில் எழுதியதும் பொருந்தவில்லை. 2010-இல் லான்செட் அந்தக் கட்டுரையை மீளப் பெற்றது, அதே வருடம் வைத்தியர் பதிவேட்டிலிருந்து அவர் பெயரையும் நீக்கினார்கள்.

சரி, அவர் பொய் சொன்னார் என்பதற்காக விஷயமே பொய்யாகிவிடாது, வேறு யாராவது ஒழுங்காகப் பார்த்தார்களா என்று கேட்கலாம். பார்த்தார்கள். டென்மார்க்கில் 1999 முதல் 2010 வரை பிறந்த 657,461 பிள்ளைகளின் பதிவுகளை எடுத்து, எம்.எம்.ஆர். போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்டு 2019-இல் வெளியிட்டார்கள். ஊசி போட்டவர்களிடம் ஓட்டிசம் கூடுதலாக இல்லை. யப்பானில் 1993-இல் எம்.எம்.ஆர். ஊசியையே நிறுத்திவிட்டார்கள், அதன் பிறகும் யோகோஹாமா நகரில் ஓட்டிசம் என்று கண்டறியப்படுகிற பிள்ளைகளின் தொகை ஏறிக்கொண்டுதான் போனது. என்னைக் கேட்டால் டென்மார்க்கின் ஆறரை இலட்சத்தை விட இந்த யப்பான் கதைதான் மனதில் நிற்கிறது.

மச்சாளிடம் இன்னொன்றையும் சொல்லுங்கள். கனடா 1998-இல் சின்னமுத்தை ஒழித்த நாடு. 2024 ஒக்டோபரில் தொடங்கிய பரவல் ஒரு வருடத்துக்கு மேலும் நிற்காததால், 2025 நவம்பரில் அந்தத் தகுதியை இழந்தது. நோய் பரவியது பெரும்பாலும் ஊசி போடாதவர்களிடம்தான்.

என் அக்காவின் மகன் நன்றாகக் கதைத்துக்கொண்டிருந்தவன், ஒன்றரை வயது ஊசிக்குப் பிறகு பேச்சு நின்றுவிட்டது. இதை நான் எப்படி நம்பாமல் இருப்பேன்?

பேச்சு நின்றதை நான் நம்புகிறேன். கண் முன்னால் நடந்ததை யாரும் இல்லையென்று சொல்ல முடியாது. ஓட்டிசம் உள்ள சில பிள்ளைகள் ஒன்றிலிருந்து இரண்டு வயதுக்குள் இருந்த சொற்களையும் இழந்துவிடுவார்கள், அது ஊசி போடாத பிள்ளைகளிடமும் நடக்கிறது.

இதில் ஒன்றைக் கவனித்துப் பாருங்கள். பிரித்தானியாவில் எம்.எம்.ஆர். முதல் ஊசியை ஒரு வயது கடந்த உடனே போடுவார்கள், அதனால் அங்கே பழி எம்.எம்.ஆரின் மேல் விழுந்தது. இங்கே எம்.எம்.ஆர். 9 மாதத்திலும் 3 வயதிலும். 18 மாதத்தில் போடுவது முக்கூட்டு ஊசியும் (தொண்டைக் கரப்பன், குக்கல் இருமல், ஏற்புவலி மூன்றுக்குமானது) போலியோ சொட்டும். அதனால் இங்கே தாய்மார் முக்கூட்டு ஊசியைச் சொல்கிறார்கள். மருந்து வேறு, பிள்ளையின் வயது மட்டும் ஏறத்தாழ ஒன்று. இதை யோசித்த அன்றுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது.

அக்காவின் மகனுக்கு இப்போது வேண்டியது பேச்சுப் பயிற்சி. பழி யார் மேல் என்று தேடுவதில் ஒரு வருடம் போய்விடுகிறது, அந்த ஒரு வருடம் பிள்ளைக்குப் பெரிய காலம். எண்ணிக்கை ஏன் கூடுகிறது என்றால், முன்பு 'புத்தி குறைந்த பிள்ளை', 'வாய் பேசாப் பிள்ளை' என்று வீட்டுக்குள் வைத்திருந்தவர்களுக்கு இப்போது ஒரு பெயர் கிடைத்திருப்பதும், அந்தப் பெயருக்குள் வருபவை விரிந்திருப்பதும் பெரிய காரணம்.

இருபது, முப்பது வருடம் கழித்து என்ன வரும் என்று யார் பார்த்தார்கள்?

இதுதான் நல்ல கேள்வி, இதற்குத்தான் ஆட்கள் அவசரப்பட்டுப் பதில் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

முதலில் எங்கள் நாட்டையே எடுங்கள். இலங்கையில் காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசி 1949-இல் வந்தது, முக்கூட்டு 1961-இல், போலியோ சொட்டு 1962-இல், சின்னமுத்து ஊசி 1984-இல். முக்கூட்டு முதலில் போட்ட பிள்ளைகள் இன்று அறுபது கடந்த அம்மம்மா, அப்பப்பாக்கள். யாருக்கும் தெரியாத புது மருந்து என்று இவற்றைச் சொல்ல முடியாது.

ஜேர்மனியில் 1 முதல் 17 வயது வரையான 13,453 பிள்ளைகளை வைத்துப் பார்த்த ஆய்வு 2011-இல் வந்தது. ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் ஒவ்வாமை நோய்களில் வித்தியாசமில்லை. வித்தியாசம் தெரிந்தது சின்னமுத்து, குக்கல் போன்றவற்றில்தான், போடாதவர்களுக்கு அவை கூட வந்திருந்தன. ஆனால் அந்த ஆய்வில் ஊசியே போடாதவர்கள் 94 பேர்தான். இதைச் சொல்லாமல் விட்டால் நானும் வீடியோக்காரர் மாதிரி ஆகிவிடுவேன்.

பாதிப் பிள்ளைகளுக்கு ஊசி போட்டு, பாதிப் பேரை வேண்டுமென்றே விட்டுவிட்டு இருபது வருடம் பார்க்கிற ஆய்வு ஏன் இல்லை என்றும் கேட்கிறார்கள். விடப்பட்ட பாதியில் உங்கள் பிள்ளை இருந்தால் சம்மதிப்பீர்களா?

உண்மையான விவாதம் ஒன்றும் இருக்கிறது, அது வட்ஸ்அப்பில் வருவதேயில்லை. மேற்கு ஆபிரிக்காவில் கினி-பிஸ்ஸாவில் 1978 முதல் பீட்டர் ஆபி என்ற டென்மார்க் ஆய்வாளரின் குழு வேலை செய்கிறது. சின்னமுத்து ஊசியும் பி.சி.ஜி.யும் தத்தம் நோயை மட்டுமல்ல, வேறு காரணங்களால் வரும் பிள்ளை மரணங்களையும் குறைக்கின்றன என்பது அவர்கள் வாதம். அதே குழு, முக்கூட்டு ஊசி போட்ட பெண் பிள்ளைகளிடம் மரணம் கூடியதாகத் தெரிகிறது என்றும் எழுதியது. உலக சுகாதார நிறுவனத்துக்காக 2014-இல் எல்லா ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தவர்கள், முக்கூட்டைப் பற்றிய தரவு ஒரு முடிவுக்கு வரப் போதாது, ஊசி அட்டவணையை மாற்றத் தேவையில்லை என்றார்கள். சின்னமுத்து ஊசியின் நல்ல பக்கத்துக்கு ஆதாரம் கூட. விஞ்ஞானிகள் சண்டை பிடிப்பது இப்படித்தான், தரவை மேசையில் வைத்து.

அப்படியானால் ஊசியால் யாருக்கும் எதுவும் ஆனதேயில்லை என்கிறீர்களா?

இல்லை. ஆகியிருக்கிறது.

1955-இல் அமெரிக்காவில் கட்டர் என்ற ஆய்வுகூடம் செய்த போலியோ ஊசியில் கிருமி சரியாகக் கொல்லப்படவில்லை, ஊசி போட்ட பிள்ளைகளுக்கே கால் விளங்காமல் போனது, சிலர் இறந்தார்கள். 1999-இல் அங்கே வயிற்றோட்டத்துக்கு எதிரான ஒரு ரோட்டா வைரஸ் மருந்தைச் சந்தைக்கு வந்து ஒரு வருடமளவில் நிறுத்தினார்கள், ஏறத்தாழ 10,000 பிள்ளைகளில் ஒருவருக்குக் குடல் ஒன்றுக்குள் ஒன்று செருகியது. 2009-10 பன்றிக் காய்ச்சல் காலத்தில் ஐரோப்பாவில் போட்ட பண்டெம்ரிக்ஸ் என்ற ஊசியால் சில பிள்ளைகளுக்குப் பகலில் தாங்க முடியாமல் தூங்கி விழும் நோய் வந்தது, பின்லாந்தும் சுவீடனும்தான் முதலில் கவனித்தன. அந்த நோய் வாழ்நாள் முழுக்க இருக்கும். போலியோ சொட்டு மருந்தாலும், முதல் சொட்டு குடிக்கிற ஏறத்தாழ 27 இலட்சம் பிள்ளைகளில் ஒருவருக்கு வாதம் வரலாம். உலகம் சொட்டிலிருந்து ஊசிக்கு மெல்ல மாறுவதற்கு அது ஒரு முக்கிய காரணம், இலங்கையிலும் 2015-இல் போலியோ ஊசி சேர்ந்தது.

இவற்றை மறைப்பதால்தான் சந்தேகம் வளர்கிறது என்பது என் எண்ணம். நான் சொன்னவற்றை இன்னொரு முறை பாருங்கள். எல்லாம் ஊசி போட்ட நாட்களிலோ வாரங்களிலோ மாதங்களிலோ தலைகாட்டியவை. இருபது வருடம் உடம்பில் ஒளிந்திருந்து வந்தவை அவற்றில் இல்லை. ஊசி மருந்து உடம்பில் கன காலம் தங்காது, வேலையைத் தொடக்கிவிட்டுப் போய்விடும்.

2008-இல் இங்கேயும் பிள்ளைகள் இறந்ததாகச் சொன்னார்களே?

ஆம். ஐந்து நோய்க்கு ஒரே ஊசியான பென்டாவலன்ட் 2008 ஜனவரியில் இலங்கையில் தொடங்கியது. ஊசிக்குப் பிறகு சில குழந்தைகள் இறந்ததாக அறிக்கைகள் வந்ததும் அதே வருடம் நிறுத்தினார்கள். வெளியிலிருந்தும் நிபுணர்கள் வந்து ஆராய்ந்தார்கள், ஊசியை நிரந்தரமாக நிறுத்தும் அளவுக்குக் காரணம் தெரியவில்லை, 2010-இல் மீண்டும் தொடங்கினார்கள். அந்த வருடங்களில் வன்னியில் நாங்கள் இருந்த நிலைமையில் இந்தச் செய்தி எங்களை வந்து சேரவேயில்லை, இப்போதுதான் பழைய துண்டு ஒன்று புதுச் செய்தி போலச் சுற்றுகிறது.

ஊசிக்குப் பிறகு பிள்ளைக்கு ஏதும் ஆனால் அதைப் பதிவு செய்கிற முறை 1996 முதல் நாட்டில் இருக்கிறது. நீங்களும் மிஸ்ஸிடம் அல்லது எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகத்தில் சொல்லுங்கள். 'சும்மா காய்ச்சல்தானே' என்று அவர்கள் சிரித்தாலும் கொப்பியில் எழுத வைத்துவிட்டு வாருங்கள்.

பாதரசம், அலுமினியம் எல்லாம் போடுகிறார்களாமே?

பல பேருக்குப் போடுகிற குப்பிகள் சிலவற்றில், கிருமி சேராமல் இருக்கத் தயோமெர்சல் என்ற பொருள் இருக்கும். அதிலிருக்கிற பாதரசம் எதைல் வகை, உடம்பை விட்டு வேகமாக வெளியேறும். பெரிய மீன்களில் சேர்வது மெதைல் வகை, அதுதான் தங்கிக் கெடுப்பது. அமெரிக்கா 2001 அளவில் பிள்ளைகளின் வழமையான ஊசிகளிலிருந்து தயோமெர்சலை எடுத்துவிட்டது, ஓட்டிசம் குறையவில்லை.

அலுமினியம், ஊசியின் வேலையைக் கூட்டுவதற்கு மில்லிகிராமில் ஒரு பங்கு அளவில் சேர்ப்பது. டென்மார்க்கில் 1997 முதல் 2018 வரை பிறந்த 12 இலட்சம் பிள்ளைகளைப் பார்த்து 2025-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஆஸ்மா, தோல் ஒவ்வாமை, ஓட்டிசம் உட்பட 50 நோய்கள். அலுமினியம் கூடக் கிடைத்த பிள்ளைகளிடம் எதுவும் கூடவில்லை. பெரும்பாலும் ஐந்து வயது வரைதானே பார்த்தார்கள் என்று நீங்கள் கேட்டால், அது நியாயமான குறை, ஒத்துக்கொள்கிறேன்.

இரண்டு மாதக் குழந்தைக்கு ஒரே நாளில் ஐந்து நோய்க்கு ஊசி. அந்தச் சின்ன உடம்பு தாங்குமா?

வெளிநாட்டு இணையத்தளங்களில் இதற்கு ஒரு பதில் இருக்கும்: முந்தைய காலத்து ஊசிகளை விட இப்போதையவற்றில் உடம்புக்கு அன்னியமான கூறுகள் மிகக் குறைவு என்று. அதை அப்படியே இங்கே சொல்லிவிட முடியாது. குக்கலுக்கு அவர்கள் போடுவது சுத்திகரித்த துண்டுகள், எங்கள் பென்டாவலன்டில் இருப்பது இன்னும் பழைய முறைப்படி கொன்ற முழுக் கிருமி. அதனால்தான் எங்கள் பிள்ளைகளுக்குக் காய்ச்சலும் தொடை வீக்கமும் கூட. இரண்டாவது மகனுக்கு இரண்டு மாத ஊசி போட்ட அன்று இரவு முழுக்க நுளம்பு வலைக்குள் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு நான் இருந்தது என் கணவருக்குத் தெரியாது, குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். விடியக் காய்ச்சல் விட்டுவிட்டது.

தாங்குமா என்றால், தாங்கும். பிறந்த கணத்திலிருந்து பாலிலும் மண்ணிலும் உங்கள் முத்தத்திலும் அவன் சந்திக்கிற கிருமிகளின் தொகைக்கு முன் இது சிறிது. தள்ளித் தள்ளிப் போடலாமே என்று நினைத்தால், குக்கல் ஆளைக் கொல்வது பெரும்பாலும் அந்த முதல் மாதங்களில்தான்.

சின்னமுத்து வந்து போனால் உடம்புக்கு நல்லது என்று அம்மம்மா சொல்கிறா. அந்தக் காலத்தில் எல்லோருக்கும் வந்ததுதானே?

வந்தது. வேப்பிலை கட்டி, வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைத்து, குளிர்ச்சியான சாப்பாடு கொடுத்து, வீட்டுக்கு வெளியே ஆள் வராமல் தடுத்து... அந்தத் தனிமைப்படுத்தலில் அறிவு இருக்கிறது, நான் குறை சொல்லவில்லை. ஆனால் அம்மம்மாவிடம் எத்தனை பெற்றா, எத்தனை மிஞ்சியது என்று ஒரு முறை மெதுவாகக் கேளுங்கள். என் அம்மம்மா ஒன்பது பெற்று ஐந்தைத்தான் வளர்த்தா.

நீண்டகாலப் பாதிப்பைத் தேடுகிறவர்கள் பார்க்க வேண்டிய இடமே இந்த நோய்தான். சின்னமுத்து கிருமி, உடம்பு அதுவரை கற்று வைத்த எதிர்ப்புச் சக்தியையே அழித்துவிடும். நெதர்லாந்தில் ஊசி போடாத 77 பிள்ளைகளைச் சின்னமுத்து வர முன்னும் வந்த பின்னும் சோதித்ததில், ஏற்கனவே இருந்த எதிர்ப்பொருள்களில் 11 முதல் 73 வீதம் வரை காணாமல் போயிருந்தது. ஒரு பிள்ளை ஐந்து வருடம் தடிமனும் காய்ச்சலும் வயிற்றோட்டமும் பட்டுச் சேர்த்த முதல் அது. அதோடு, அரிதாக, நோய் மாறி ஏழு பத்து வருடம் கழித்து மூளை மெல்ல மெல்லக் கெட்டுப் பிள்ளை இறக்கிற ஒரு நோயும் உண்டு. இருபது வருடம் கழித்து என்ன வருமோ என்று ஊசியைப் பார்த்துப் பயப்படுகிறோம், வருடக் கணக்கில் ஒளிந்திருந்து வருவது சின்னமுத்தின் வேலை.

ஈரலழற்சி பி-யும் இதே மாதிரி. பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு அது நிரந்தரமாகத் தங்கிவிடும், ஈரல் புற்றுநோய் நாற்பது ஐம்பது வயதில் வரும். கர்ப்பிணிக்கு ருபெல்லா வந்தால் பிறக்கிற பிள்ளைக்குக் காது, கண், இருதயம்.

போலியோ, தொண்டைக் கரப்பன் எல்லாம் இப்போது எங்கே இருக்கிறது? பிறகு எதற்கு ஊசி?

இலங்கையில் கடைசிப் போலியோ நோயாளி 1993-இல். சண்டைக் காலத்தில் கூட, சொட்டு மருந்து நாளுக்காக இரண்டு தரப்பும் துவக்கைக் கீழே வைத்தார்கள். தொண்ணூறுகளின் நடுப்பகுதி, நான் சின்னப் பிள்ளை, பள்ளிக்கூட மாமரத்தடியில் வரிசையில் நின்றதும், ஷெல் சத்தம் இல்லாத அந்த நாளில் காகம் கத்தியது புதிதாகக் கேட்டதும் நினைவிருக்கிறது. மின்சாரமே இல்லாத ஊர்களுக்கு ஐஸ் பெட்டியைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போனவர்களை நாங்கள் மறந்துவிட்டோம்.

நோய் போய்விட்டது என்று விட்டால் திரும்பி வரும். சின்னமுத்தை ஒழித்ததாக 2019-இல் இலங்கைக்குச் சான்று கிடைத்தது, 2023-இல் மீண்டும் பரவியது. அதில் கூட அகப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் 9 மாதம் நிரம்பாத, ஊசி வயதே வராத குழந்தைகள். ஏற்புவலி இன்னும் மோசம், அது ஆளிடமிருந்து ஆளுக்கு வருவதில்லை, மண்ணிலேயே இருக்கிறது. ஊரெல்லாம் ஊசி போட்டிருந்தாலும் போடாத உங்கள் பிள்ளையை யாரும் மறைக்க முடியாது. வயலில், முள்ளுக் கம்பியில், மாட்டுக் கொட்டிலில் வெறுங்காலோடு திரிகிற பிள்ளைகள் எங்களுடையவர்கள்.

ஒரு வயதில் போடுகிற மூளைக்காய்ச்சல் ஊசி அவசியமா?

வன்னியில் இருந்துகொண்டு இதைக் கேட்கக் கூடாது. யப்பானிய மூளைக்காய்ச்சலைப் பரப்புகிற கியூலெக்ஸ் நுளம்பு தண்ணீர் கட்டிய வயலில் பெருகும், கிருமி பன்றியிலும் கொக்கு நாரையிலும் இருக்கும். இரணைமடுக் குளத்தின் கீழ் எங்கள் ஊர் எப்படி இருக்கிறது என்று யோசியுங்கள். 1985 முதல் 1988 வரை, வவுனியாவுக்குத் தெற்கே தொட்டுக்கொண்டிருக்கிற அனுராதபுரம் பக்கம் பெரிய பரவல்கள் வந்தன. மூளைக்காய்ச்சல் வந்தவர்களில் நாலில் ஒருவரளவில் இறப்பார்கள், தப்பியவர்களில் பலருக்குக் கை கால் அல்லது புத்தி பழையபடி திரும்பாது.

ஆறாம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்குப் போடுகிற ஊசி, பிள்ளை பெறாமல் பண்ணுவதற்காமே?

இந்தக் கேள்வியை வெளியூர்க்காரர் சிரித்துத் தள்ளலாம், நாங்கள் முடியாது. 2013-இல் கிளிநொச்சியின் கரையோரக் கிராமங்களில் பெண்களுக்குக் கருத்தடை இம்பிளான்ட் வற்புறுத்திப் போடப்பட்டது என்று முறைப்பாடு எழுந்தது எல்லோருக்கும் தெரியும். அதைக் கேட்ட தாய் தன் மகளின் கையில் ஊசி ஏற முன் இரண்டு முறை யோசிப்பது இயற்கை.

ஆனால் இந்த ஊசி வேறு. எச்.பி.வி. என்ற வைரஸால் வரும் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு எதிரானது, 2017 முதல் நாடு முழுக்க எல்லா இனப் பெண் பிள்ளைகளுக்கும் போடுகிறார்கள். மலட்டுத்தன்மைக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் பாதுகாப்புக் குழு பார்த்துச் சொல்லியிருக்கிறது. இங்கிலாந்தில் 12-13 வயதில் இந்த ஊசி கிடைத்த தலைமுறையில் அந்தப் புற்றுநோய் 87 வீதம் குறைந்ததாக 2021-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. சம்மதக் கடிதம் பள்ளியிலிருந்து வந்தால் சும்மா கையெழுத்துப் போடாதீர்கள், என்ன ஊசி, பெயர் என்ன என்று கேட்டுவிட்டுப் போடுங்கள். என் மகளுக்கு அப்படித்தான் போட்டேன்.

எந்தப் பிள்ளைக்குப் போடக் கூடாது?

முந்தைய ஊசிக்கு உடனே மூச்சுத் திணறி, உடம்பு தடித்து ஒவ்வாமை வந்த பிள்ளை, புற்றுநோய்க்கு மருந்து எடுக்கிற பிள்ளை, எதிர்ப்புச் சக்திக் குறைபாடு உள்ள பிள்ளை: இவர்களைப் பற்றி முதலில் வைத்தியரிடம் பேச வேண்டும். சாதாரணத் தடிமனுக்குத் தள்ளிப்போடத் தேவையில்லை. கடும் ஒவ்வாமை பத்து இலட்சம் ஊசிக்கு ஒன்று என்ற அளவில்தான், வந்தால் பெரும்பாலும் சில நிமிடங்களில் வரும், அதற்காகத்தான் இருபது நிமிடம் இருக்கச் சொல்கிறார்கள். பஸ் போய்விடும் என்று எழும்பி ஓடாதீர்கள்.

கரண்ட் அடிக்கடி போகிறதே, மருந்து பழுதாகியிருந்தால்?

2 முதல் 8 பாகை வரை குளிரில் இருக்க வேண்டும். பல குப்பிகளில் ஒரு வட்டமும் அதற்குள் ஒரு சதுரமும் இருக்கும். சதுரம் வட்டத்தை விட வெளிறி இருந்தால் நல்லது, வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் சூடு பட்ட மருந்து, போடக் கூடாது. காட்டச் சொல்லிக் கேளுங்கள், ஒரு மிஸ் சந்தோஷமாகவே காட்டினா.

காய்ச்சல் வந்தால்?

நிறைக்கு ஏற்ற அளவில் பனடோல் சிரப், தாய்ப்பால், தொடையில் எண்ணெய் பூசித் தேய்க்காமல் விடுவது. எம்.எம்.ஆருக்குக் காய்ச்சல் வருவதென்றால் ஒரு கிழமைக்குப் பிறகுதான் வரும், 3,000-4,000 பிள்ளைகளில் ஒருவருக்கு அந்தக் காய்ச்சலில் வலிப்பும் வரலாம். பார்க்கப் பயங்கரம், பின்னாளுக்கு எதையும் மிச்சம் வைக்காது, என்றாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். பி.சி.ஜி. போட்ட இடம் சில கிழமை கழித்துக் கொப்பளித்துத் தழும்பாகும், அதற்கு மருந்து வேண்டாம்.

இடம்பெயர்வில் கிளினிக் கார்ட் தொலைந்துவிட்டது. எனக்கு என்ன போட்டது என்றே தெரியாது, இப்போது வயிற்றில் பிள்ளை.

செட்டிகுளம் முகாமுக்குக் கையில் ஒரு பையோடு வந்து சேர்ந்தவர்களில் கார்டை வைத்திருந்தவர்கள் எத்தனை பேர்? நானும் தொலைத்தவள்தான். கர்ப்பிணிக் கிளினிக்கில் முதல் நாளே சொல்லிவிடுங்கள். பதிவு இல்லாவிட்டால் ஏற்புவலி ஊசியைத் தொடக்கத்திலிருந்து போடுவார்கள், ஏற்கனவே போட்டிருந்தாலும் கேடில்லை. ருபெல்லா ஊசி வயிற்றில் பிள்ளை இருக்கும்போது போட மாட்டார்கள், பிள்ளை பிறந்த பிறகு கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். புதுக் கார்ட் கிடைத்ததும் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து, கனடா மச்சாளுக்கும் ஒன்று அனுப்பி வையுங்கள். இங்கே தொலைந்தாலும் அங்கே இருக்கும்.